கை படாத கற்பூரம்

ஞானசவுந்தரி கற்பூரம் அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்ற செய்தி, அவள் கிணற்றடியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் பாதி நெடுந்தீவுக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பாதி, பின்னேரம் கடைக்குப் போன இடத்தில் தெரிந்துகொண்டது. அந்தத் தீவில் தண்ணீருக்குத்தான் தட்டுப்பாடு. கதைக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

வழக்கு ஒரு நாகு பற்றியது. செங்காரி நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, வயிற்றில் முதல் கன்று. ஞானசவுந்தரி அதைச் செம்பி என்று கூப்பிட்டாள். பக்கத்து வளவுச் சீதேவி அதே மாட்டை லட்சுமி என்றாள்.

செம்பி என்றொரு நாகும் லட்சுமி என்றொரு நாகும் இருந்தது ஊர் அறிந்த உண்மை. ஒரே மாசியில், ஒரே நாம்பன் காளைக்குப் பிறந்தவை. நிறமும் பொட்டும் ஒன்றுபோலவே. போன மாரி வெள்ளத்தில் பட்டிகள் உடைந்து தீவின் மாடெல்லாம் சிதறிப்போனது. வெள்ளம் வடிந்தபோது ஒரு நாகு மட்டும் திரும்பி வந்தது. அது ஞானசவுந்தரியின் பட்டிக்குள் நுழைந்தது. லட்சுமி கடலோடு போய்விட்டது என்று சீதேவி ஒரு பாட்டம் அழுது ஓய்ந்தாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் போன கிழமை ஞானசவுந்தரி அந்த நாகுக்குக் குறி சுட்டாள். எரிந்த குறி ஆறுமுன்னர் மாடு பொதுத் தொட்டிக்குத் தண்ணீர் குடிக்க வந்தது. சீதேவி கிட்டப் போய்ப் பார்த்தாள். இடது காது கிழிந்திருந்தது. லட்சுமிக்கும் இடது காதுதான் முள்ளுக்கம்பியில் கிழிந்தது. செம்பிக்குக் காது கிழியவேயில்லை என்பது சீதேவிக்கு நன்றாகத் தெரியும்.

“வெள்ளத்தில எங்கையோ கிழிச்சுக்கொண்டு வந்தது, அக்கா” என்று ஞானசவுந்தரி சொன்னாள். உண்மைதான். ஆனால் கேட்கிறவருக்கு அது நம்புகிற மாதிரியா இருக்கிறது?

தாய் செத்த கன்றுக்குப் போத்திலில் பால் பருக்கி வளர்த்தவள் அவள். அரை மைல் தூரத்தில் நடையைப் பார்த்தே செம்பி என்று சொல்லிவிடுவாள். நடை எங்கே வந்து சாட்சி சொல்லும்? ஊரார் நாகைத் தெருவில் விட்டு இரண்டு பேரையும் கூப்பிடச் சொன்னார்கள். அது ஞானசவுந்தரியை ஏறெடுத்தும் பாராமல் சீதேவியிடம் போய் நின்றது. சீதேவி தினமும் தன் குசினிக் கழுநீரைக் கல்மதிலுக்கு மேலால், எட்டிப் பாராமலே, அதற்குத்தான் ஊற்றுகிறவள். அந்த ஞாபகம் அன்றைக்கு அவளுக்கே வரவில்லை. பனையால் விழுந்தவளை மாடேறி மிதித்த கதை இதுதான்.

சீதேவி பொலிசுக்குப் போகவில்லை. “அம்மாளாச்சி இருக்கிறா. வெள்ளிக்கிழமை வேம்படியில வந்து கற்பூரம் அடிச்சுச் சொல்லும், உம்மடை மாடெண்டு. நான் பேசாமல் போறன்” என்றாள். அந்த ‘உம்மடை’தான் ஞானசவுந்தரியின் நெஞ்சில் தைத்தது. இருபது வருசமாக நீ, வா, போ என்று பழகிய மனிசி.

வேம்படி அம்மன் கோயில் வாசலில், வேம்பின் கீழ், ஒரு தட்டைக் கல் உண்டு. அதில் கற்பூரம் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தால் சத்தியம். பொய்ச் சத்தியம் குடும்பத்தைத் தின்னும் என்பது ஊரின் நம்பிக்கை. கோட்டில் சாட்சிக்கூண்டு ஏறிக் கூசாமல் பொய் சொல்லும் ஆட்களும் அந்தக் கல்லுக்கு முன்னால் வாய் குழறிப் போவார்கள்.

வியாழன் பின்னேரம் மகள் அன்ரனிட்டா குசினி வாசலை மறித்து நின்றாள். முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். சின்னப்பிள்ளைகளோடு பொறுமையெல்லாம் செலவழித்துவிட்டு, வீட்டுக்கு வெறுங்கையோடு வருவாள்.

“அடிச்சுப்போட்டு வாங்கோவன் அம்மா. அது வெறும் கற்பூரம்.”

“எங்களுக்கு வெறும் கற்பூரம். அவைக்கு இல்லை.”

“வெறும் கற்பூரமெண்டா அடிக்கிறதில என்ன வந்தது? மாடு எங்கடைதானே?”

“மாடு என்ரைதான். சத்தியம்தான் பொய்யாப் போகும்.” ஞானசவுந்தரி அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். “நான் கும்பிடுறது ஒருத்தரை. அவரை விட்டிட்டு இன்னொரு வாசலில போய் நீதான் எனக்குச் சாட்சி எண்டு சொல்ல ஏலாது. சும்மா ஒப்புக்குச் சொன்னன் எண்டாலோ, அது அவையின்ரை கும்பிடுற இடத்தைப் பகிடி பண்ணினது. ரெண்டும் எனக்கு ஏலாது, பிள்ளை.”

“அப்ப கள்ளி எண்ட பேரோட இருப்பம்.”

ஞானசவுந்தரி இன்னொரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள். புகை கண்ணில் பட்டதாகக் காட்டிக்கொண்டு முகத்தைத் துடைத்தாள்.

பொழுதுபட மாதா கோயில் மூப்பர் சவிரிமுத்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனுசன். ஊரோடு பகைக்காமல் மோட்சம் போக வழி தேடுகிற ரகம். “பிள்ளை, அடிச்சுப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்தா முடிஞ்சுது. ஆண்டவருக்கு எல்லாம் விளங்கும்” என்றார்.

“செய்யப்போற பாவத்துக்கு முதலே மன்னிப்பு எடுத்து வைக்கிறதோ, மூப்பர்?” என்று ஞானசவுந்தரி கேட்டாள். அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால், அவளுக்கும் பயம்தான். தீவில் கத்தோலிக்கரும் சைவரும் ஒரே கிணற்றில் அள்ளுகிறவர்கள். கோயிற் பொங்கலுக்குப் பால் அவளுடைய பட்டியிலிருந்துதான் போகும். அதற்கு அவள் காசு வாங்குவதில்லை. பெரிய வெள்ளிக்கிழமையில் சீதேவி வீட்டு றேடியோ வாய் திறக்காது. இப்படிப் பின்னிக் கிடந்த உறவில் ஒரு நூல் அறுந்தால் எங்கே போய் நிற்கும்?

வெள்ளிக்கிழமை வேம்படியில் திருவிழாக் கூட்டம். ஞானசவுந்தரி வழமைபோலச் செருப்பைத் தெருவோரம் கழற்றிவிட்டு, வாசலுக்கு வெளியே, கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அந்தப் பக்கம் சீதேவி தோய்ந்து, ஈரத்தலையோடு, நெற்றி நிறையத் திருநீறு பூசி நின்றாள். நாகை வேம்பில் கட்டியிருந்தார்கள். அது வேப்பங்குழை தின்றுகொண்டிருந்தது.

கோயில் தலைவர் கந்தப்பு வயதான மனிதர். நியாயம் பார்க்கிறவர். தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை சவுந்தரி, உம்மை ஒருத்தரும் கட்டாயப்படுத்தேல்லை. இஞ்சை அடிக்க விருப்பமில்லையெண்டா உம்மடை மாதா கோயிலில சத்தியம் பண்ணும். நாங்கள் வந்து பாக்கிறம். அது சீதேவிக்கும் சம்மதம்.”

கூட்டம் தலையாட்டியது. இதைவிட ஒரு மனிசர் இறங்கி வர முடியாது. அன்ரனிட்டா தாயின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஞானசவுந்தரி மகளின் கையை மெல்ல விலக்கினாள். “கோவிக்காதேங்கோ அண்ணை. நீங்கள் பெரிய மனசோட சொல்லுறியள். ஆனா எங்கட ஆண்டவர் சத்தியமே பண்ணவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார். ஓமெண்டா ஓம், இல்லையெண்டா இல்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லலாம். நாகு என்ரை. ஓம்.”

“கள்ளருக்குத் தோதான வேதம்!” என்று பின்னால் ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழும்பியது. “மடியில கனமில்லாட்டி வழியில பயமென்னத்துக்கு?” என்றாள் இன்னொருத்தி. ஞானசவுந்தரியின் காது மடல் சுட்டது. மாதா கோயில் ஆட்கள் நாலைந்து பேர் தெருவில் நின்றார்கள். சவிரிமுத்து மூப்பர் தன் சைக்கிள் செயினை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“அப்ப நான் அடிக்கிறன்” என்றாள் சீதேவி.

சிரிப்பு நின்றது. அது லேசான சொல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். சீதேவியின் தகப்பன் ஒருகாலத்தில் காணி எல்லைக்காக இதே கல்லில் பொய்ச் சத்தியம் பண்ணினார். அந்த வருசமே அவளுடைய தமையன் கடலில் போனான். உடல்கூடக் கரை சேரவில்லை. ஒருநாள் கிணற்றடியில் சீதேவி அதைச் சொன்னது ஞானசவுந்தரிக்கு நல்ல ஞாபகம். “எங்கட ஐயா அடிச்ச கற்பூரத்தில எங்கட அண்ணன் எரிஞ்சவன். கை படுமட்டும் சத்தியமில்லை, சவுந்தரி. பட்டால் பட்டதுதான். பிறகு அழுதும் பிரயோசனமில்லை” என்று சொல்லியிருந்தாள். அன்றைக்குப் பிறகு சீதேவி விளையாட்டுக்குக்கூடச் சத்தியம் என்ற சொல்லை எடுத்ததில்லை.

அப்படிப்பட்டவள் இன்றைக்குக் கை நீட்டுகிறாள் என்றால், அது தன் மாடு என்று முழுசாக நம்புகிறாள். பொய்யில்லை. பிழை.

கந்தப்பு கற்பூரத்தைக் கல்லில் வைத்துக் கொளுத்தினார். காற்றில்லாத நேரம். சுவாலை நிமிர்ந்து நின்றது.

“அம்மாளாச்சி,” சீதேவியின் குரல் உடைந்தது. “இந்த நாகு என்ரை லட்சுமி. நான் சொல்லுறது பொய்யெண்டா, என்ரை பிள்ளை லதீபா வயித்தில சுமக்கிறது...”

 லதீபா சீதேவியின் ஒரே மகள். மூன்று தரம் கலைந்து நாலாவதாகத் தங்கிய பிள்ளை, இப்போது மாதம் நிறைந்து நிற்கிறது. அந்தப் பிள்ளையைக் கல்லில் வைக்கிறாள் இந்த மனிசி.

பேசாமல் நின்றிருக்கலாம். சீதேவி அடித்தால் மாடு போகும், அவ்வளவுதான். வேதத்துக்காகச் சத்தியம் பண்ணாதவள் என்று பாதி நல்ல பேராவது மிஞ்சும். கற்பூரத்தில் ஞானசவுந்தரிக்கு நம்பிக்கையில்லை. ஆனால் சீதேவிக்கு இருக்கிறது. என்றைக்கோ ஒருநாள் உண்மை தெரிய வந்தால், அதற்கிடையில் அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட, இவள் தகப்பனையும் தமையனையும் நினைத்து நினைத்தே செத்துப்போவாள். அவளைக் கல் கொல்ல வேண்டியதில்லை.

சீதேவியின் கை உயர்ந்தது.

“வேண்டாம் அக்கா!”

எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இறங்கி வந்த கையை மணிக்கட்டில் பிடித்து நிறுத்தினாள். கீழே இருந்தது ஞானசவுந்தரியின் புறங்கை. சுவாலை அதில் ஏறியது. தோல் பொசுங்கும் மணம் வரும்வரை இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

“மாட்டைக் கொண்டுபோங்கோ. சத்தியம் பண்ணாதேங்கோ. கொண்டுபோங்கோ.”

கந்தப்பு கற்பூரத்தைக் கல்லிலிருந்து தட்டிவிட்டார். “அப்ப ஒத்துக்கொள்ளுறீரோ, பிள்ளை?”

“இல்லை அண்ணை. நாகு என்ரைதான். அவ கொண்டுபோகட்டும்.”

இந்த மறுமொழியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஊருக்கு விளங்கவில்லை. விளங்காததை ஊர் அதிகநேரம் கையில் வைத்திராது. தனக்கு வசதியான பக்கத்துக்குத் திருப்பிக்கொள்ளும். சீதேவி உண்மையாகவே அடிக்கப் போனதும் கள்ளி பயந்துபோய்க் கையைப் பிடித்துவிட்டாள் என்று அன்று மத்தியானமே தீர்ப்பாகிவிட்டது.

அடுத்த நாள் பால் மிஞ்சியது. அதற்கடுத்த நாளும் மிஞ்சியது. வாங்குகிறவர்கள் படலையைத் திறக்காமல் “இண்டைக்கு வேண்டாம்” என்றார்கள். கோயிலில் இருந்தும் ஆள் வந்து, இனிப் பொங்கலுக்குப் பால் தேவையில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். முன்பள்ளியில் ஒரு தாய் தன் பிள்ளையை அன்ரனிட்டாவின் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போனாளாம். அன்ரனிட்டா அதைச் சொல்லி அழவில்லை. தாயோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். அழுதிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பின்னேரங்களில் செம்பி கல்மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தியது. ஞானசவுந்தரி புறங்கையில் கற்றாழை வைத்துக் கட்டிக்கொண்டு, கேட்காதவள்போல முற்றம் கூட்டினாள்.

அவளுக்குக் கோபம் வந்தது. வராமல் விட அவள் என்ன மாதா கோயில் மரச் சுரூபமா? சீதேவியில் கோபம், ஊரில் கோபம், சைக்கிள் செயினை ஆராய்ந்த மூப்பரில் கோபம். இரவுச் செபத்தில், பிறர் குற்றம் பொறுக்கிற இடம் வந்ததும் அவளுக்கு இருமல் வந்தது. ஒவ்வொரு நாளும் சரியாக அந்த இடத்தில்தான் வந்தது. ஆண்டவருக்கு இது விளங்காமலா இருக்கும்? அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அதைக் கதைக்கவில்லை.

ஆவணி வெயில் தீவின் தெற்குப்பக்கக் குட்டைகளை உறிஞ்சிக் காய வைத்தது. அங்கே காட்டுக் குதிரைகளோடு சேர்ந்து திரியும் கட்டாக்காலி மாடுகள் தண்ணீர் தேடி வடக்கே ஏறத் தொடங்கின.

ஒரு விடியற்காலை படலையில் சத்தம் கேட்டது. ஞானசவுந்தரி வெளியே வந்தாள். சீதேவி நின்றாள். தலை விரிந்து கிடந்தது. நெற்றி வெறுமையாக இருந்தது. திருநீறு இல்லாத சீதேவியை இருபது வருசத்தில் அவள் பார்த்ததில்லை.

“சவுந்தரி, என்ரை கை பட்டதோ?”

“என்னக்கா?”

“அண்டைக்கு. கற்பூரத்தில. நீ பாத்தனீதானே? என்ரை கை பட்டதோ?”

அப்போதுதான் ஞானசவுந்தரி மதிலுக்கு மேலால் பார்த்தாள். சீதேவியின் தொட்டியடியில் இரண்டு செங்காரி நாகுகள் நின்றன. ஒன்று செம்பி, தொடையில் குறியோடு. மற்றது எலும்பு தெரிய மெலிந்து, குறியில்லாமல், கிழிந்த இடது காதோடு, தலையைத் தூக்காமல் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தது. தாகம் லட்சுமியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டது.

“விடிய எழும்பி வந்து பாத்தன். நிக்குது.” சீதேவி படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். “ராத்திரி லதீபாவுக்கு ரத்தம் போகத் தொடங்கினது. கடற்படைப் படகில பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டினம். ஒராளுக்குத்தான் இடமெண்டு மருமோன் உதயன் போனவன். ஒரு தகவலும் இல்லை. நான் பிள்ளையின்ரை வயித்தை இழுத்துச் சொல்லிப்போட்டன், சவுந்தரி. வாயால சொல்லிப்போட்டன். கை பட்டதோ? எனக்கு ஞாபகமில்லை. யோசிச்சுப் பாக்கிறன், ஞாபகம் வருகுதில்லை. நீ சொல்லு.”

 ஞானசவுந்தரிக்கு இத்தனை நாள் விழுங்கின கோபமெல்லாம் திரும்பி வந்தது. தெரியாது என்று ஒரு சொல் போதும். இந்த மனிசி இந்த இடத்திலேயே உடைந்து விழுவாள். பொய்கூட இல்லை, அவ்வளவு வேகத்தில் நடந்ததை ஆர் வடிவாகப் பார்த்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இன்னொரு வழியும் இருந்தது. கல்லும் கற்பூரமும் என்ன செய்யும், உதெல்லாம் விட்டுவிட்டு எங்கட மாதாவிட்டை வாருங்கோ என்று சொல்லலாம். மூழ்குகிறவளின் தலையில் ஏறி நின்று போதிக்கிற வேலை அது.

அவள் கற்றாழைக் கட்டை அவிழ்த்தாள்.

“படேல்லை அக்கா. இஞ்சை பாருங்கோ.” புறங்கையை நீட்டினாள். பொருக்கு இன்னும் உதிராத புண், நடுவில் சிவந்திருந்தது. “உங்கட கைக்கும் நெருப்புக்கும் நடுவில என்ரை கைதான் இருந்தது. உங்களுக்கு எங்கையாவது சுட்டிருக்கோ? பாருங்கோ.”

சீதேவி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, திருப்பி, மறுபடி விரித்துப் பார்த்தாள். ஒரு தழும்பும் இல்லை.

“கை படுமட்டும் சத்தியமில்லை எண்டு நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள்? நீங்கள் சத்தியம் பண்ணேல்லை. நான் பாத்தனான். இது உண்மை.”

சீதேவி அப்படியே மண்ணில் குந்தினாள்.  பிறகு நிமிர்ந்து, “ஏன் தடுத்தனீ? நான் உன்னைக் கள்ளி எண்டனான்” என்றாள்.

“நீங்கள் பொய் சொல்லுற ஆளெண்டா விட்டிருப்பன். அது உங்களுக்கும் உங்கட அம்மாளுக்கும் உள்ள பாடு. நீங்கள் உண்மையெண்டு நம்பியெல்லோ கையைத் தூக்கினீங்கள்?” ஞானசவுந்தரி அவளுடைய தலைமயிரைக் கூட்டி முடிந்துவிட்டாள். “எழும்புங்கோ. விடியக்காலை வள்ளம் போகப்போகுது. தனியப் போக ஏலாது உங்களுக்கு, நானும் வாறன். அன்ரனிட்டா மாடுகளைப் பாப்பாள்.”

அன்ரனிட்டா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். உள்ளே போய்த் தாயின் செருப்பையும் கைப்பையையும் எடுத்து வந்து வைத்தாள். கன காலத்துக்குப் பிறகு “கவனமாப் போட்டு வாங்கோ அம்மா” என்றாள்.

துறையில் வள்ளத்துக்கு நின்ற சனம் இரண்டு பேரும் சேர்ந்து வருவதைக் கண்டு விலகி வழி விட்டது. கந்தப்புவும் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வந்திருந்தார். சீதேவி அவருக்கு முன்னால் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

“லட்சுமி திரும்பி வந்திட்டுது. மற்றது சவுந்தரியின்ரை மாடுதான். அவ சொன்னது அவ்வளவும் உண்மை. கள்ளி நான்தான்.”

“கள்ளி இல்லை அண்ணை. பிழை விட்டவ” என்றாள் ஞானசவுந்தரி.

கந்தப்பு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டேயிருந்தார். கடைசியில், “பொங்கலுக்குப் பால் கேட்டு நான்தான் வருவன், பிள்ளை. வேறை ஆளை அனுப்பமாட்டன்” என்று மட்டும் சொன்னார். மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். கடலில் பார்க்க அன்றைக்கு விசேசமாக ஒன்றும் இருக்கவில்லை.

வள்ளம் ஆடியது. நடுக்கடலில் போனில் சிக்னல் இல்லை. சீதேவி அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள்.

“சவுந்தரி, நீ உன்ரை ஆண்டவரிட்டைக் கேள். நான் என்ரை அம்மாளிட்டைக் கேக்கிறன்.”

“நான் துறையிலயே துவங்கிட்டன், அக்கா.”

ஒருத்தி சேலைத் தலைப்புக்குள் செபமாலை உருட்டினாள். மற்றவள் உதட்டுக்குள் அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்றாள். பிறர் குற்றம் பொறுக்கிற இடம் வந்தது. ஞானசவுந்தரிக்கு இருமல் வரவில்லை. அந்த இடத்தைத் தாண்டி நாலு மணி உருட்டிய பிறகுதான் அதைக் கவனித்தாள்.

குறிகாட்டுவான் துறையில் இறங்கி பஸ் ஏறினார்கள். புங்குடுதீவு போனது, பாலம் போனது. மண்கும்பானடியில் போன் அலறியது. சீதேவிக்கு எதை அழுத்துவதென்று தெரியவில்லை. ஞானசவுந்தரி வாங்கி அழுத்தி அவளுடைய காதில் வைத்தாள்.

“மாமி, ஆம்பிளைப்பிள்ளை” என்று உதயன் கத்தியது பின் சீற்றுவரைக்கும் கேட்டது. “ரெண்டு பேரும் சுகம். லதீபாவுக்கு ரத்தம் ஏத்தியிருக்கு. பயமில்லையாம்.”

சீதேவி அழுதாள், சிரித்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கடுதாசிப் பொட்டலத்திலிருந்து திருநீறு எடுத்து நெற்றி நிறையப் பூசினாள். பக்கத்தில் இருப்பவருக்கும் பூசிவிடுவது அவளுடைய கைப்பழக்கம். விரல்கள் ஞானசவுந்தரியின் நெற்றிவரை வந்து அந்தரத்தில் நின்றன.

“உனக்கு வேண்டாம், என்ன?”

“வேண்டாம் அக்கா.”

“ஓம்” என்றாள் சீதேவி. பொட்டலத்தை மடித்து இடுப்பில் சொருகினாள். பிறகு ஞானசவுந்தரியின் சுட்ட கையை எடுத்து, கோயிலில் கற்பூரத் தீபத்தை ஒற்றுவதுபோல, தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.

கண்ணீர் உப்பு. புண்ணில் பட்டு எரிந்தது. ஞானசவுந்தரி கையை இழுக்கவில்லை.